டயாலிசிஸ் அறையில் சொன்ன கதை

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாளாக இருந்தேன். காணொளித் துண்டு உங்களில் பெரும்பாலோருக்கு வந்து சேர்ந்திருக்கும். நண்பர்கள் பலர் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார்கள். அமர்வை நடத்திய மூத்த எழுத்தாளர் நேற்று இரவு தம் பக்கத்தில், விளையாட்டாகச் சொன்ன ஒன்றைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் சொன்னதை அந்த அரங்கில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்தவர்கள் அது உண்மை என்று ஒப்புக்கொண்டுதான் சிரித்தார்கள். எனக்கு வலித்ததும் அதனால்தான்.

‘என்னை நிமிர்த்திய புத்தகம்’ என்பது அன்றைய தலைப்பு. எனக்கு ஒதுக்கியிருந்தது 10 நிமிடம். டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளரின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்ற மாயக் கதை நாவலைச் சொல்லி நான் 4 நிமிடம் பேசியிருப்பேன். “இது பெரியவர்களுக்கான அமர்வு அம்மா. டிராகன் கதை படிக்கிறவர்கள் வாழ்க்கையைப் பார்க்கப் பயந்து ஓடிப்போகிறவர்கள். ஊக்கம் வேண்டுமென்றால் சாதித்தவர்களின் வரலாற்றைப் படியுங்கள்” என்று சொல்லி அந்த மூத்த எழுத்தாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். நான் பேசிய நாவலில் டிராகன் வருவதே இல்லை. பழங்காலத்து டிராகன்களைப் பற்றிய பேச்சு அங்கங்கே வரும், அவ்வளவுதான். ஊரைக் கொளுத்துகிற டிராகன் வருவது அதே ஆசிரியர் 1937-இல் வெளியிட்ட ‘தி ஹாபிட்’ நாவலில். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். படிக்காத ஒரு நூலை வைத்து, அதைப் படித்தவளின் வாழ்க்கைக்குத் தீர்ப்பு சொன்னார் என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

நான் எங்கே ஓடிப்போனேன் என்று சொல்கிறேன். 2018 ஜூன் மாதம் என் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. மின்வாரியத்தில் 31 ஆண்டுகள் லைன்மேனாக இருந்து, புயலிலும் மழையிலும் கம்பம் ஏறி, ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இடக்கையில் இரண்டு ஊசிகளோடு அவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் என் கையிலிருந்த தடித்த புத்தகத்தைப் பார்த்து, “அப்படி என்னதான் பாப்பா இருக்கு அதுல?” என்று கேட்டார். அன்றிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு, முந்தைய இரவு நான் ஆங்கிலத்தில் படித்ததை மறுநாள் அந்த அறையில் அவருக்குத் தமிழில் சொன்னேன். தீய மோதிரம் ஒன்றை எரிமலையில் எறிந்து அழிக்கப் புறப்படும் நாயகன் ஃப்ரோடோ. அந்தப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. ‘மோதிரக்காரப் பையன்’ ஆகிவிட்டான். அவனோடு கூடவே போகிற சாம், தோட்ட வேலை செய்பவன் என்பதால் ‘தோட்டக்காரப் பையன்’. பக்கத்துப் படுக்கையில் இருந்த பெரியவரும் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினார். அவருக்குக் காலை நேரத்துக்கு இடம் கிடைத்தபோதுகூட, கதை விட்டுப்போகும் என்று சொல்லி மாறாமல் இருந்துவிட்டார்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், ஊசியின் வலியைவிடத் தாகம்தான் பெரிய துன்பம். அப்பாவுக்கு மருந்து, மோர், குழம்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் என்று கட்டுப்பாடு. கோடையில் ஐஸ் துண்டு ஒன்றை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். கதையில் இரண்டு பையன்களும் மோர்டார் என்ற பொட்டல் பூமியைக் கடந்து போகிறார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை, காற்றெல்லாம் சாம்பல், சாம் தன் பங்குத் தண்ணீரை எஜமானுக்குக் கொடுத்துவிட்டு வறண்ட நாக்கோடு நடக்கிறான். அந்தப் பகுதியைச் சொன்ன நாளில் அப்பா குறுக்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, “தாகம்னா என்னன்னு தெரிஞ்சவன்தான் அதை எழுதியிருப்பான்” என்றார். சுமையைக் குறைக்க வேண்டி, வழியெல்லாம் தூக்கிவந்த சமையல் பாத்திரங்களைச் சாம் பள்ளத்தில் வீசிவிட்டுக் கலங்குகிற இடம் ஒன்று உண்டு. அதைக் கேட்ட இரவு, ஓய்வு பெற்ற பிறகும் பரணில் வைத்திருந்த தம் இடுப்பு பெல்ட்டையும் கட்டிங் பிளேயரையும் இறக்கி எடுத்துத் துடைத்து வைத்தார். வாழ்க்கையைப் பார்க்கப் பயந்த இரண்டு பேர் செய்கிற காரியமா இது?

அதே காலத்தில் சாதித்தவர்களின் வரலாறும் எங்கள் வீட்டுக்கு வந்தது. உறவினர்கள் பழத்தோடு கொண்டுவந்து கொடுத்த தன்னம்பிக்கை நூல்கள் ஐந்து, இன்னும் அலமாரியில் இருக்கின்றன. கொடுத்தவர்களின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஐந்தையும் படித்தேன். அதிகாலையில் எழு, இலக்கை எழுதி வை, முடியும் என்று நினைத்தால் முடியும் என்று அவை சொல்லின. செயலிழந்த சிறுநீரகம், முடியும் என்று நினைப்பதால் வேலை செய்யாது. அந்த நூல்கள் எல்லாம் ஜெயித்த பிறகு திரும்பிப் பார்த்து எழுதப்பட்டவை. ஜெயிக்கவே வழியில்லாத ஒரு விஷயத்தில் வாரம் மூன்று நாள் எப்படி எழுந்து போவது என்று அவற்றில் ஒரு பக்கம்கூட இல்லை.

நான் படித்த கதையில் அது இருந்தது. ஃப்ரோடோ ஜெயிப்பதில்லை. இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சொல்ல வந்தேன், சொல்ல விடவில்லை. அவ்வளவு தூரம் சுமந்துபோன மோதிரத்தை எரிமலையின் விளிம்பில் நின்று அவனால் எறிய முடியவில்லை. இது என்னுடையது என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். அந்த மோதிரத்தின் மேல் வெறிகொண்டு பின்தொடர்ந்து வந்த கோல்லம், அவன் விரலைக் கடித்து அதைப் பறித்துக் கால் தவறி நெருப்பில் விழுவதால்தான் காரியம் முடிகிறது. ஆனால் அந்த விளிம்பு வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது, இருவரும் நடந்ததால். அப்பா இதைக் கேட்டு ஏமாற்றம் அடைவார் என்று பயந்துகொண்டே சொன்னேன். “கம்பம் ஏறும்போது உச்சியைப் பார்த்தா கை நடுங்கும் பாப்பா. அடுத்து கால் வைக்கிற இடத்தைத்தான் பார்க்கணும். அவங்க அதைத்தான் செஞ்சிருக்காங்க” என்றார். மாயக் கதை எனக்குத் தந்த ஊக்கம் இந்த அளவுதான், இந்த வகைதான். இதைவிடப் பெரிதாக நான் எதுவும் உரிமை கொண்டாடவில்லை.

இந்த இகழ்ச்சி புதியதும் அல்ல. எட்மண்ட் வில்சன் என்ற பெயர்பெற்ற அமெரிக்க விமர்சகர் 1956-இலேயே இந்த நாவலைச் சிறுபிள்ளைக் குப்பை என்று எழுதினார். அந்தக் ‘குப்பை’யை எழுதியவர் நான்கு வயதில் தந்தையையும் பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தவர்; 1916-இல், முதல் உலகப் போரில், பிரான்சின் சோம் போர்க்களத்தில் பதுங்குகுழியில் கிடந்து, காய்ச்சலோடு ஊர் திரும்பியவர். 1918-க்குள் தம் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் இறந்துவிட்டார்கள் என்று அவரே முன்னுரையில் குறிப்பிடுகிறார். சாம் என்ற பாத்திரம், அந்தப் போரில் தாம் அறிந்த சாதாரணச் சிப்பாய்களின் சாயல் என்றும் சொல்லியிருக்கிறார். ஓடிப்போவது என்ற குற்றச்சாட்டுக்கும் அவர் 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் பதில் இருக்கிறது. சிறையில் இருப்பவன் வெளியே போக நினைப்பதும் படைவீரன் போர்முனையை விட்டு ஓடுவதும் ஒன்றல்ல என்பது அதன் சாரம். அந்த அறையில் நாங்கள் எந்தப் பக்கம் இருந்தோம் என்று எனக்குத் தெரியும்.

‘உன் சொந்தத் துக்கத்தை இலக்கிய அளவுகோல் ஆக்காதே’ என்று சிலர் எழுதுவார்கள். ஒப்புக்கொள்கிறேன். நாவலின் நடை நீளமானது, பெண் பாத்திரங்கள் மிகக் குறைவு என்று அவர் சொல்லியிருந்தால் நானே அமைதியாகத் தலையாட்டியிருப்பேன். அவர் பேசியது நூலைப் பற்றி அல்ல, படித்தவர்களைப் பற்றி. அதற்குப் படித்தவளின் வாழ்க்கையைத்தான் பதிலாகக் காட்ட முடியும்.

‘நம்மிடம் இல்லாததா, ஏன் வெள்ளைக்காரன் கதை’ என்பது இன்னொன்று. நம்மிடம் இருக்கிறது என்பதுதான் என் கட்சியும். மணிமேகலையை ஒரு தெய்வம் வான்வழியே மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிச் செல்கிறது. அவள் மந்திரத்தால் காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் ஒன்று அவள் கையில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாராவது சாத்தனாரை வாழ்க்கையிலிருந்து ஓடியவர் என்றார்களா? பசிப்பிணி பற்றி அந்தக் காப்பியம் பேசுகிற அளவுக்கு வாழ்க்கைக்கு நெருக்கமாகப் பேசிய நூல்கள் எத்தனை? வானில் பறப்பது நம் காப்பியத்தில் வந்தால் இலக்கியம், பிறமொழி நாவலில் வந்தால் குழந்தைத்தனம் என்ற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. ஓடுவதையே பேசுபொருளாக எடுத்துக்கொண்ட மாயக் கதையும் உண்டு. உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய ‘எர்த்ஸீ’ வரிசையின் முதல் நாவலில், தன் அகந்தையால் ஒரு நிழலை ஏவிவிட்ட இளைஞன் அதற்குப் பயந்து ஓடுகிறான். ஓடும்வரை அது வலுக்கிறது. திரும்பி அதைத் துரத்து என்று குரு சொன்ன பிறகுதான் அவன் மீள்கிறான்.

படங்களைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். இந்த நாவலைப் பீட்டர் ஜாக்ஸன் மூன்று படங்களாக எடுத்ததில் மூன்றாவது 11 ஆஸ்கர் பெற்றது என்பதைச் சான்றாக நான் காட்டப்போவதில்லை. எனக்கு அந்தப் படத்தின்மேல் ஒரு குறையே உண்டு. நாவலில் அவர்கள் ஊர் திரும்பும்போது ஊர் பாழாகிக் கிடக்கிறது. மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, திரும்ப நட வேண்டியிருக்கிறது. படத்தில் ஊர் பச்சைப்பசேலென்று அப்படியே இருக்கிறது. எனக்கு மிகவும் தேவைப்பட்ட பகுதியை அவர்கள் எடுக்கவில்லை. ஃப்ரோடோவுக்குக் கத்திக்குத்து பட்ட அக்டோபர் 6 வரும்போதெல்லாம் அவன் நோயுறுவதும் நாவலில்தான் இருக்கிறது. அப்பா 2019 நவம்பரில் போனார். நவம்பர் வந்தால் எனக்கு உடம்பு ஏன் முடியாமல் போகிறது என்று எந்த மருத்துவரும் சொல்வதற்கு முன்பே நான் அதை அறிந்திருந்தேன்.

வீடியோ கேம் விளையாடுகிறேன் என்று சொன்னதற்குத்தான் அன்று அதிகம் சிரித்தார்கள். அடிமையாகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு கோளாறாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது. நான் அதில் இல்லை. 2022-இல் தம்பி ‘எல்டன் ரிங்’ என்ற மாயக் கதை வீடியோ கேமை வாங்கியிருந்தான். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து தூங்க முடியாத நாள்கள் அவை. அந்த ஆட்டத்தில் எளிய நிலை என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட் என்பவனிடம் நாற்பது முறைக்கு மேல் செத்தேன். ஆனால் தரையில் அங்கங்கே, உலகின் எங்கோ ஒரு மூலையில் இருந்து விளையாடும் முகம் தெரியாதவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகள் ஒளிரும். நாம் எழுதிய குறிப்பை யாரோ ஒருவர் மெச்சினால், அந்தக் கணமே நம் ஆட்டக்காரரின் உயிர்ச்சக்தி ஏறிவிடும். ஒரு முறை சாகப்போகும் நொடியில் எனக்கு அப்படி ஏறியது. அதை உருவாக்கிய ஹிடெடாகா மியாசாகி, பனி பெய்த மலைச் சரிவில் கார்கள் நின்றுபோனபோது பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்த காரைத் தள்ளிவிட்டதையும், உதவியவர்களுக்கு நின்று நன்றி சொல்ல முடியாமல் போனதையும் நினைவில் வைத்துத்தான் தம் ஆட்டங்களில் இந்த முறையை அமைத்ததாகச் சொல்லியிருக்கிறார். எனக்கும் நன்றி சொல்ல வழியில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போனேன்.

அந்த எழுத்தாளரின் நான்கு நூல்கள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. தெரியாத ஒருவர் சொல்லியிருந்தால் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன். பெரியவர் சொன்னால் பொறுத்துப் போக வேண்டும் என்று அறிவுரை எழுதுகிறவர்களுக்கு, மைக்கை வாங்கியபோது நான் எதிர்த்து ஒரு சொல்லும் பேசாமல் வந்து உட்கார்ந்ததை நினைவுபடுத்துகிறேன்.

எனக்குக் கொடுத்த 10 நிமிடத்தில் 6 நிமிடம் மீதி இருந்தது. அதில் நான் சொல்லவிருந்தது இதுதான். 2019 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை கதையை முடித்தேன். ஃப்ரோடோ காயம் ஆறாமலே கப்பலேறிப் போகிறான். தோட்டக்காரப் பையன் தனியாக வீடு திரும்புகிறான். மனைவி அவனை நாற்காலியில் உட்காரவைத்து, மகளைத் தூக்கி மடியில் வைக்கிறாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவன் போறப்ப வீட்டுல லைட் எரிஞ்சுதா பாப்பா?” என்று கேட்டார். எனக்கு அந்த வரி நினைவுக்கு வரவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சம் எரிந்தது என்றுதான் எழுதியிருந்தது. எரிந்தது அப்பா என்றேன்.