மிச்சக் காசு தந்தாப் பிறகு ஒரு சொல்லு

போன மாசம் தங்கச்சியின்ர கலியாணத்துக்கு நகை எடுக்கவெண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக்குப் போனனாங்கள். கடையின்ர பேர் சொல்ல விரும்பேல்லை. உள்ளுக்கு வரேக்க நல்ல மரியாதை, வாங்கோம்மா இருங்கோ எண்டு கதிரை போட்டு, சோடா உடைச்சுத் தந்து, ஃபானை எங்கட பக்கம் திருப்பிவிட்டு, ரெண்டு மணித்தியாலம் சலிக்காமல் சங்கிலியும் காப்பும் எடுத்து எடுத்துக் காட்டினவை. அம்மா வருசக்கணக்கா சீட்டுக் கட்டிச் சேத்த காசு அது, லேஞ்சியில முடிஞ்சு கொண்டுவந்தவா. அதை எண்ணி லாச்சியில போட்ட உடன அந்தப் பெடியன் எங்கட முகத்தைப் பாக்கேல்லை. பையை மேசையில தள்ளி வச்சிட்டு பின்னால வந்த ஆக்களிட்ட "வாங்கோ வாங்கோ, கனடாவில இருந்தோ?" எண்டு போட்டான். அம்மா வாசலடியில நிண்டு ஒருக்கா திரும்பிப் பாத்தவா. ஒருத்தரும் "போட்டு வாங்கோ அம்மா" எண்டு சொல்லேல்லை.

வீட்ட வரும் மட்டும் அவா ஒண்டும் கதைக்கேல்லை. அதில இருந்து எனக்கு இதே யோசினை.

எங்கட ஊரில கடைக்காரர் வாயால நன்றி எண்டு சொல்லுறது குறைவுதான், அதை நான் பிழை எண்டு சொல்லமாட்டன். நாங்கள் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் மேடையிலயும் பேப்பரிலயும்தான் பாவிக்கிறனாங்கள். ஆனா நன்றி தெரியாத சனம் இல்லை நாங்கள். செத்தவீட்டு நினைவுப் புத்தகம், கல்வெட்டு எண்டுவம், அதை எடுத்துப் பாருங்கோ, கடைசிப் பக்கத்தில நன்றி நவிலல் எண்டு போட்டு, வருத்தமா கிடக்கேக்க வந்து பாத்தவையில இருந்து பந்தல் போட்டவை, சமைச்சவை, கல்வெட்டை அச்சடிச்சவை வரைக்கும் ஒருத்தரையும் விடாமல் எழுதியிருப்பினம். அந்தத் துக்கத்துக்குள்ளயும் ஆர் ஆர் உதவினவை எண்டு நினைச்சு எழுதுற நாங்கள், எங்கட அடுப்பை எரிய வைக்கிற ஆக்களை ஏன் கடைவாசலோட மறக்கிறம்?

கடையில நன்றி எண்டா எனக்கு "போட்டு வாங்கோ" காணும். இங்க யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில நான் மரக்கறி வாங்குற ஒரு அம்மா இருக்கிறா. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் நிறுத்து, காசு வாங்கி, மிச்சமும் தந்தாப் பிறகுதான் ஒரு பிடி கருவேப்பிலையை எடுத்து என்ர பையுக்க வைப்பா. காசு வாங்க முதல் வைச்சா அது என்னை வாங்க வைக்கிறதுக்கு. வாங்கி முடிஞ்சாப் பிறகு வைக்கிறது எனக்காக. அவா இப்பிடி யோசிச்சுச் செய்யிறாவோ எண்டு கேட்டதில்லை, ஆனா நாலு பேர் அதே கத்தரிக்காயை அடுக்கி வச்சுக்கொண்டு இருக்கேக்க என்ர கால் அவாவிட்டத்தான் போகுது.

இந்தப் பழக்கம் எங்க விட்டுப்போச்சு எண்டு யோசிச்சா, யுத்த காலம் எங்களைக் கொஞ்சம் மாத்திப்போட்டுது எண்டுதான் நான் நினைக்கிறன். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை, பற்றறி இல்லை, மண்ணெண்ணெய் அருமை, ஜாம் போத்தல்ல திரி போட்டு அந்த வெளிச்சத்தில படிச்ச சனம். பிறகு 2006 ஆகஸ்ட்டில யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை பூட்டி, கப்பல்ல சாமான் வந்தாத்தான் உண்டு எண்டு கூட்டுறவுச் சங்கக்கடை வாசல்ல விடிய முதல் வரிசை. அந்த நேரம் சாமான் வாங்கினவைதான் கடைக்காரருக்கு நன்றி சொன்னவை, ஒரு கிலோ சீனி கிடைச்சா கும்பிடாத குறை. 2022இல காஸுக்கும் பால்மாவுக்கும் திரும்பவும் அதே கதை. விக்கிறவர்தான் தாறவர், வாங்கிறவர் கை நீட்டுறவர் எண்டு ரெண்டு பக்கத்துக்கும் ஊறிப்போச்சு. இப்ப பாதை திறந்து எத்தினை வருசம், தெருவுக்குத் தெரு கடை, ஆனா லாச்சிக்குப் பின்னால நிக்கிற ஆளின்ர முகம் இன்னும் அந்தக் காலத்திலதான் நிக்குது.

நானும் இப்ப ஒரு சின்ன வியாபாரம் செய்யிறன், அதால இதைச் சும்மா கதையாச் சொல்லேல்லை. வீட்டில செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கருவேப்பிலை எல்லாம் வறுத்து, மில்லில திரிச்சு, பைக்கற் பண்ணி கொழும்பு பஸ்ஸில போட்டு விடுறது. பார்சல் போய் ஒரு கிழமையால, வாங்கின ஆளுக்கு வட்ஸ்அப்பில ஒரு வொய்ஸ் மெசேஜ் போடுவன், அக்கா வாங்கினதுக்கு நன்றி, தூள் எப்பிடி இருக்கு, உறைப்புச் சரியோ எண்டு. அப்பிடித்தான் வெள்ளவத்தையில இருக்கிற ஒரு அக்கா சொன்னவா, "நல்ல வாசம் பிள்ளை, ஆனா இந்த முறை கொஞ்சம் கசக்குது" எண்டு. போய்ப் பாத்தா வெந்தயம் அளவுக்கு மேல கருகிப்போச்சு. நான் கேக்காமல் விட்டிருந்தா அவா ஒண்டும் சொல்லாமல் அடுத்த முறை வேற ஆளிட்ட வாங்கியிருப்பா. எங்கட சனம் சண்டை பிடிக்காது, வராமல் விட்டிடும். நான் அவாவுக்கு வேற பைக்கற் அனுப்பினனான், இண்டைக்கு மூண்டு வருசம், இன்னும் என்னட்டத்தான் ஓடர்.

ஒண்டு மட்டும் கட்டாயம் சொல்லவேணும். நன்றி சொல்லுற மெசேஜுக்குக் கீழ தயவுசெய்து ஓஃபர் போடாதேங்கோ. "வாங்கியதற்கு நன்றி, அடுத்த கொள்வனவுக்கு 10% கழிவு, இந்த மாசம் மட்டும்" எண்டு வந்தா அது நன்றியே இல்லை, திரும்பவும் கை நீட்டுறது. கழிவு குடுக்கிறதெண்டா ரெண்டு நாள் கழிச்சு வேறயா அனுப்புங்கோ, ஆர் வேண்டாமெண்டது. பில்லுக்கு அடியில மெசின் அடிக்கிற "நன்றி மீண்டும் வருக"வும் எனக்கு அப்பிடித்தான், அதை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை.

அந்தப் பெடியனில எனக்குக் கோவம் இல்லை. காலமை இருந்து இரவு மட்டும் நிண்ட நிலையில நிக்கிறவன், அவனுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது? முதலாளி கடை பூட்டேக்க அவனைப் பாத்து "சரி தம்பி, இண்டைக்கு நல்லாச் செய்தனி, போட்டு வா" எண்டு ஒரு நாளாவது சொல்லியிருந்தா அது அவன்ர வாயிலயும் வந்திருக்கும்.

அண்ணையின்ர குழந்தைக்குப் பிறந்த 31ஆம் நாள் சடங்கு வாற மாசம், காப்பு எடுக்கவேணும். எங்க எடுப்பம் எண்டு நேற்று அம்மாவைக் கேட்டனான். "உங்கினேக்க வேற கடை இருக்குத்தானே" எண்டிட்டு உள்ளுக்குப் போட்டா.