நல்ல போனை ஏன் தூக்கிப் போட வேண்டும்?
தண்டையார்பேட்டை வீட்டில் நேற்று ராத்திரி ஒரு மணி வரை என் பழைய போனோடுதான் வேலை. போனில் திரை, பேட்டரி எல்லாம் நன்றாக இருக்கிறது. கம்பெனி அப்டேட்டை மட்டும் நிறுத்திவிட்டது. சரி என்று, ஆண்ட்ராய்டை வைத்துத் தன்னார்வலர்கள் உருவாக்கும் இலவச மென்பொருளான லீனேஜ் ஓஎஸ் போட்டேன். அதற்கு, போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும்; திறந்தால் எல்லாம் அழியும் என்பதால் அம்மாவின் படங்களை முதலிலேயே கணினிக்கு மாற்றியிருந்தேன். போன் புதிதுபோல ஓடியது. ஆனால் பேங்க் ஆப் திறக்க மறுக்கிறது! பூட்லோடர் திறந்திருப்பது பாதுகாப்பில்லையாம். வருடக்கணக்கில் செக்யூரிட்டி பேட்ச் வராத பழைய மென்பொருளில் அதே ஆப் தடையில்லாமல் ஓடியதே, இது என்ன நியாயம்? இப்போது மறுபடி ஸ்டாக் ரோம், அதாவது போனோடு வந்த கம்பெனி மென்பொருளை ஏற்றி, பூட்லோடரைப் பூட்ட வேண்டும். அதைக் கம்பெனி தன் தளத்தில் வைக்கவில்லை. யாரோ ஏற்றிவைத்த கோப்பை நம்பித்தான் இறக்க வேண்டும். வேறு மாடலுடையதாக இருந்துவிட்டால் போன் உயிரே போகலாம். கடையில் கேட்டால், "புதுசு வாங்கிடுங்கண்ணா" என்கிறார்கள்.