அடக்க ஆராதனையில் வாசிக்கும் அந்த ஒரு தாள்

"ஜெப வீராங்கனை. விருந்தோம்பலில் சிறந்தவர். பிள்ளைகளைக் கர்த்தருக்குப் பயப்படும் பயத்தில் வளர்த்தவர்." குமரி மாவட்டத்தில் களியக்காவிளை தொடங்கி ஆரல்வாய்மொழி வரை எந்த அம்மாவின் அடக்க ஆராதனையிலும் பெயரை மட்டும் மாற்றி இந்த மூன்று வரியை வாசித்துவிடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். யாரைப் பற்றியும் அதில் ஒன்றும் இல்லையே, பிறகு எப்படிக் குறை சொல்வது?

சாவு வீட்டில் பந்தலுக்கு ஒருத்தர், மைக் செட்டுக்கு ஒருத்தர், ஃப்ரீசர் பெட்டிக்கு, பிளெக்ஸுக்கு, மாலைக்கு என்று ஆளாளுக்குப் பொறுப்பு எடுத்துவிடுகிறார்கள். வாழ்க்கைக் குறிப்பு மட்டும் இரவு 1 மணிக்கு, லேப்டாப் வைத்திருக்கும் பேரன் தலையில் விழுகிறது. அவன் போன மாதம் யாருக்கோ வாசித்ததை வாட்ஸ்அப்பில் தேடி எடுத்துப் பெயரை மாற்றுகிறான். ஒரு இடத்தில் பழைய பெயர் மாறாமல் கிடந்து, ஆயர் அதையும் சேர்த்து வாசித்துவிடுவதும் உண்டு. (பேரனைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மச்சியைப் பற்றி அவனிடம் யார் என்ன சொல்லி வைத்தார்கள்?) வயதான ஒரு கிறிஸ்தவத் தாய்க்கு நாம் செய்யும் மரியாதையில் பெரும்பங்கு அந்த ஒரு தாளில் இருக்கிறது என்பது என் கருத்து. அதை அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் வாயால் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

வேதத்திலேயே இதற்கு மாதிரி உண்டு. யோப்பாவில் தபீத்தாள் இறந்து மேல்வீட்டில் கிடத்தியிருந்தபோது, விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுதுகொண்டே அவள் செய்து கொடுத்த உடைகளைக் காட்டினார்கள் என்று அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரம் சொல்கிறது. துணியை எடுத்துக் காட்டினார்கள், அவ்வளவுதான். நம்ம பக்கத்து அம்மாமாரிடம் காட்ட என்னவெல்லாம் இருக்கிறது! உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோன பிடியரிசி. லண்டன் மிஷன் காலத்தில் மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பழக்கிக் கொடுத்து, கைமாறிக் கைமாறி வந்த ரேந்தை (லேஸ்) வேலை. அந்தக் காசில் கட்டிய பள்ளிக்கூட பீஸ். பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கணக்கு நோட்டு. கத்தோலிக்க வீடு என்றால் அன்பியக் கூட்டத்துக்கு (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழு) திண்ணை ஒழித்துக் கொடுத்தது, மே மாத ஜெபமாலைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்தது. "விசுவாசத்தில் உறுதியானவர்" என்பதற்குப் பதில் இதில் இரண்டைத் தேதியோடு சொன்னால் போதும். கேட்பவர்களுக்கு அம்மாவின் முகம் தெரியும்.

தேதி என்று வரும்போது இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லைப்பகுதிக்கென்றே ஒரு சிக்கல். 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. 85 தாண்டிய அம்மாவின் பிறப்பைப் பழைய பைபிளிலோ வீட்டு நோட்டிலோ யாராவது குறித்திருந்தால், அது கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டு) இருக்க வாய்ப்பு அதிகம். கணக்கு எளிது: ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. 1112 ஆவணி என்றால் 1936. 1112 மாசி என்றால் 1937. இது தெரியாமல் ஒரே எண்ணைக் கூட்டுகிறவர்கள் ஒரு வருடம் பிசகுகிறார்கள். ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால் அப்படியே நம்ப வேண்டாம், தேதி தெரியாதவர்கள் பலருக்கும் போட்டது அது.

ஞானஸ்நானப் பதிவேடு இவற்றைவிட நம்பகமானது. அம்மா பிறந்த வீடு பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் என்றால் பதிவேடு அந்தப் பக்கத்துச் சபையில்தான் கிடக்கும். எழுத்து மலையாளமாகவும் இருக்கலாம், போகும்போது வாசிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். இன்னொன்று: தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானது 1947 செப்டம்பர் 27. "1938இல் சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானம் பெற்றார்" என்று எழுதினால் தப்பு, லண்டன் மிஷன் வழிவந்த சபை அப்போது தென்னிந்திய ஐக்கிய சபையில் (எஸ்.ஐ.யு.சி.) இருந்தது. அதேபோல் குழித்துறை மறைமாவட்டம் 2014 டிசம்பரில்தான் பிரிந்தது. 1958இல் நடந்த கல்யாணத்தைக் கோட்டாறு மறைமாவட்டக் கணக்கில்தான் எழுத வேண்டும். இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றும். ஆனால் முன்வரிசையில் இருக்கும் கிழவர்களுக்கு இது தெரியும். ஒரு வருடம் தப்பினால் மீதியையும் அவர்கள் காதில் வாங்கமாட்டார்கள்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "அம்மா, உங்க சாட்சியைச் சொல்லுங்க" என்றால் கன்வென்ஷன் மேடையில் கேட்ட வார்த்தைகளே திரும்பி வரும். பொருளை வைத்துக் கேளுங்கள். பிடியரிசிப் பானை எது? ஆலயத்தில் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்காருவீர்கள், முன்னால் அங்கே இருந்தது யார்? முதல் பாட்டு யார் சொல்லித் தந்தது, தமிழா மலையாளமா? அப்பா வேலையில்லாமல் இருந்தபோது காணிக்கைக்கு என்ன செய்தீர்கள்? காலைக் கஞ்சி குடித்த பிறகு 10 நிமிடம், ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. மின்விசிறியை நிறுத்திவிட்டு போனைத் தலையணையில் அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். விசிறி ஓடினால் பதிவில் காற்றுதான் கேட்கும். மறதி நோய் தொடங்கியவராக இருந்தாலும் தயங்க வேண்டாம். நேற்று என்ன சாப்பிட்டார் என்பது போய்விடும், சின்ன வயதில் படித்த சங்கீதம் பெரும்பாலும் நிற்கும்.

அளவு: சத்தமாக நிறுத்தி வாசித்தால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல். ஐந்து நிமிடத்துக்கு மேல் கூட்டம் தாங்காது. அப்படியானால் 450 சொல்லுக்குள் முடிய வேண்டும். நோயைப் பற்றி ஒரே வரி போதும். எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் ஐ.சி.யு. என்று வாசிப்பது அம்மாவின் வாழ்க்கை ஆகாது. மருமகன்மார் என்ன உத்தியோகம் என்பதும் அப்படித்தான். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பட்டியலைத் தனித் தாளில் எழுதி, சொந்தக்காரர்களில் மூத்த ஒரு பெண்மணியிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். சண்டை வருவது எப்போதும் இந்தப் பட்டியலில்தான்: வேறு மதத்தில் கல்யாணம் செய்துபோன மகளின் பெயரை விட்டுவிடுவார்கள், குழந்தையாக இருக்கும்போதே இறந்த பிள்ளையை எண்ணமாட்டார்கள். அந்தப் பிள்ளையை அம்மா ஒருநாளும் கணக்கில் விட்டதில்லை. அம்மாவோடு 40 வருடம் கிணற்றடியில் நின்ற இந்துப் பக்கத்து வீட்டம்மாவுக்கும் ஒரு வரி இருக்கட்டும். அவர்கள்தானே முந்தின இரவு முழுக்கக் கட்டங்காப்பி (பால் விடாத காப்பி) போட்டவர்கள்.

இனி விடைபெறுதல். பலரும் இதை ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடிக்கு வெளியே நின்று செய்கிறார்கள். அதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம் இது. கடைசி நாட்களில் அம்மா கண் திறக்காமல் கிடந்தாலும் காது கேட்கக்கூடும் என்றுதான் வலிதணிப்புச் சிகிச்சை மருத்துவர்கள் சொல்கிறார்கள். காதருகில், ஒருவர் ஒரு நேரத்தில், சாதாரணக் குரலில் பேசுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் பேசுவதென்றால் போனை ஸ்பீக்கரில் போட்டு காதோரம் வையுங்கள். நினைவு இருக்கும்போதே ஆயரை அழைத்துத் திருவிருந்து, கத்தோலிக்கர் என்றால் நோயில்பூசுதல் (குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது). விழுங்க முடியாமல் போன பிறகு அழைத்தால் அம்மாவுக்கு அப்பத்தின் ஒரு துணுக்கைக்கூட வாயில் வைக்க முடியாது.

விழுங்க முடியாதவருக்குக் கஞ்சியோ பாலோ ஸ்பூனில் புகட்டாதீர்கள். "வெறும் வயிற்றோடு அனுப்பவா?" என்ற பாசம்தான், ஆனால் அது நுரையீரலுக்குப் போய் மூச்சு முட்டும். பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரமாக்கினால் போதும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் தலையைக் கொஞ்சம் உயர்த்தி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பெரும்பாலும் குறையும். கேரளத்தில் 2008லேயே வலிதணிப்புச் சிகிச்சைக்கு அரசுக் கொள்கை வந்து, பஞ்சாயத்து அளவில் நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வலிதணிப்புச் சேவை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உயிர் போனதும் முதல் இரண்டு மணி நேரம் முக்கியம். உடல் விறைப்பது வெக்கையில் சீக்கிரமே தொடங்கிவிடும். அதற்குள் கண்ணிமையை மூட வேண்டும். பல்செட் உண்டென்றால் உடனே போட வேண்டும், தாடை விறைத்த பிறகு போட முடியாது. தாடைக்குக் கீழே துண்டைச் சுருட்டி வையுங்கள், இறுக்கிக் கட்டினால் கன்னத்தில் தழும்பு விழும். தலைக்கு ஒரு தலையணை அவசியம், படுக்கையோடு படுக்கையாகக் கிடத்தினால் முகத்தில் இரத்தம் தேங்கிக் கறுக்கும். மோதிரம், வளையலை அப்போதே கழற்றி, இருவர் முன்னிலையில் எண்ணி எழுதி வைக்க வேண்டும். கண்தானம் செய்வதென்றால் 6 மணி நேரத்துக்குள். வயதும் கண்புரை ஆபரேஷனும் தடையில்லை. மின்விசிறியை நிறுத்தி, மூடிய இமைமேல் ஈரப்பஞ்சு வையுங்கள்.

ஃப்ரீசர் பெட்டி வந்ததும் முதலில் வெறும் பெட்டியாக ஓடவிட்டு குளிர் ஏறிய பிறகுதான் உடலை வைக்க வேண்டும். கண்ணாடியில் பனி படிகிறது என்று ஒவ்வொருத்தர் வரும்போதும் திறந்தால், வெளிக்காற்று ஈரம் உள்ளே போய் இன்னும் படியும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பாதீர்கள். கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தைப் பல இன்வெர்ட்டர்கள் தாங்காது. மழைக்காலம் என்றால் ஜெனரேட்டர் சொல்லி வையுங்கள்.

எல்லை தாண்டி திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் இறந்தால், பதிவு நடப்பது இறந்த இடத்தில், கேரளத்தில். வீடு மார்த்தாண்டம் என்பதற்காக இங்கே பதிய முடியாது. சான்றிதழில் ஏறும் பெயர் ஆஸ்பத்திரி அனுப்பும் தகவலிலிருந்து வருவது, ஆகவே சேர்க்கும்போதே ஆதாரில் உள்ள எழுத்துப்படி சொல்ல வேண்டும். அவசரத்தில் அழைக்கும் பெயரைச் சொல்லி, அதோடு வீட்டுப்பேரும் ஒட்டிக்கொண்டால், பிறகு இங்கே வாரிசுச் சான்றிதழுக்குப் போகும்போது "இவர் வேறு ஆள்" என்பார்கள். வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் பதிவு. அதற்கு மேல் தாமதக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் நிர்வாக நடுவர் உத்தரவு வரைக்கும் அலைச்சல்.

கல்லறைத் தோட்டத்தில் எனக்குத் தெரிந்து அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்றுதான்: பெட்டியின் நீள அகலத்தை அளந்து குழி வெட்டுகிறார்கள், கைப்பிடிகளை அளப்பதில்லை. பாதி இறங்கிய பெட்டி சிக்கிக்கொள்ளும், பிள்ளைகள் கண்முன்னால் மேலே தூக்கித் திருப்ப வேண்டிவரும். கைப்பிடி உட்பட்ட அகலத்துக்கு இரு பக்கமும் நாலு விரல் கூடுதலாக இருக்கட்டும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, முந்தின நாளே வெட்டினால் காலையில் தண்ணீர் நிற்கும். நைலான் கயிறு வழுக்கும், தடித்த தும்புக்கயிறு (தேங்காய்நார்க் கயிறு) நல்லது. ஊர்வலத்தில் மலையாளப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் கலந்து வருவது எல்லைக்கு அழகு. யார் எடுத்துக் கொடுப்பது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரண்டு பாட்டு ஒரே நேரத்தில் கிளம்பாது. அனுதாபப் பேச்சுகளை வீட்டு ஜெபத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஆலயத்தில் கட்சிக்காரரும் வங்கித் தலைவரும் பேசினால் மண் போடும்போது இருட்டிவிடும். கல்லறை கட்ட ஒரு மழைக்காலமாவது பொறுங்கள், மண் இறங்காமல் மேலே ஸ்லாப் போட்டால் வெடிக்கும்.

16ஆம் நாள் அடியந்திரத்துக்கு (நினைவுச் சாப்பாடு) முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவின் பைபிளைப் பங்கு வைக்கும் முன், பக்கம் பக்கமாகப் புரட்டி ஓரக் குறிப்புகளைப் படம் எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். உள்ளே காணிக்கைக் கவர், பழைய ரசீது, சிலுவைக் குருத்தோலை, யாருடையதோ ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இருக்கும். உதறிவிடாதீர்கள். அதில் சில பெயர்கள் உங்களுக்குத் தெரியாதவையாக இருக்கும், சங்கத்துப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். வாரம் ஒருமுறை அம்மா தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய்ப் பார்த்துவந்த கிழவி யாராவது அதில் இருப்பார். அவருக்கு அடக்கத்துக்கு வர முடிந்திருக்காது. அடியந்திரத்துச் சாப்பாட்டில் முதல் தூக்குவாளியை நிரப்பி, மகளோ மருமகளோ யாராவது ஒருத்தர் கையில் அங்கே கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் யார் போவது என்பதையும் அன்றைக்கே பேசிக்கொள்ளுங்கள்.