மனப்பான்மைக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்துவோம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, கல்வியாண்டு முடியும் வாரத்தில், மாணவர்களின் தொகுப்பேடுகளை, அதாவது ஒவ்வொருவரும் ஆண்டு முழுவதும் செய்த வேலைகளைச் சேர்த்துவைக்கும் கோப்புகளை, பார்த்து நிரப்பித் தரும்படி ஒரு படிவம் என்னிடம் வந்தது. தொகுப்பேட்டில் உள்ள வேலைகளுக்கு ஒரு பகுதி இருந்தது. அதற்குக் கீழே 'ஆர்வம்', 'ஒத்துழைப்பு', 'நேர்மறை மனப்பான்மை' என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். வகுப்பில் 42 பேர். ஒரே மாலையில் 126 எண்களையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அதன் நகலைக் கணிதத் தேர்வு மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மனம் உறுத்தத் தொடங்கியது. தேர்வில் நன்றாகச் செய்தவர்கள் அத்தனை பேருக்கும் ஆர்வத்தில் ஐந்து போட்டிருந்தேன். நான் சொல்லிக்கொடுக்கும் வழியை அப்படியே ஏற்காமல், "வேறு மாதிரி செய்யக் கூடாதா?" என்று நாள்தோறும் கேட்கும் மாணவனுக்கு ஒத்துழைப்பில் இரண்டு. அவனைப் போல் கணக்கோடு மல்லுக்கு நின்றவர் அந்த வகுப்பில் வேறு எவரும் இல்லை. வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் மூன்று மாணவிகளுக்கு எல்லாக் கட்டங்களிலும் மூன்று. அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதைத்தான் அந்த எண்ணுக்குள் மறைத்திருந்தேன்.

இந்தத் தவறு புதியதும் அல்ல, எனக்கு மட்டும் உரியதும் அல்ல. எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் 1920-இல் வெளியிட்ட கட்டுரையில், இராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழே பணியாற்றியவர்களின் உடற்தகுதி, அறிவுத்திறன், தலைமைப் பண்பு, குணநலன் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக இட்ட மதிப்புகளை ஆராய்ந்தார். தனித்தனியாக எடைபோடச் சொல்லியும் அந்த மதிப்புகள் ஒன்றோடொன்று அளவுக்கு மீறி ஒத்துப்போயின. ஒருவரைப் பற்றி மனத்தில் பதிந்துவிட்ட பொதுவான எண்ணம் எல்லாக் கட்டங்களுக்குள்ளும் கசிந்திருந்தது. இதைத்தான் ஒளிவட்ட விளைவு என்கிறோம். ஆசிரியர் பயிற்சியில் நாம் எல்லோரும் படித்துத் தேர்வெழுதிய பாடம் இது. படித்தவர்களே பேனாவைக் கையில் எடுத்ததும் அதே தவறைச் செய்கிறோம் என்றால், குறை ஆசிரியரின் கவனத்தில் மட்டும் இல்லை, படிவம் கேட்கும் கேள்வியிலேயே இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

படிவத்தின் மறுபக்கத்தில், அதாவது மாணவரின் பக்கத்தில், என்ன நடக்கிறது என்பதை ஒரே ஒரு தாள் எனக்குக் காட்டியது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருவருடைய தொகுப்பேட்டில், பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் பாடத்துக்குரிய தன்மதிப்பீட்டுத் தாள், அதாவது தான் எப்படிக் கற்றோம் என்று மாணவரே எழுதும் தாள், அது. "இந்தப் பாடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் மகிழ்ச்சியுடன் கற்றேன்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். அந்த வரிகளுக்கு அடியில் தாள் கொஞ்சம் தேய்ந்து, பஞ்சு போல எழும்பி இருந்தது. சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தபோது, ரப்பரால் அழித்த பென்சில் எழுத்தின் அழுத்தம் தாளில் பள்ளமாகப் பதிந்திருந்தது தெரிந்தது: "ஏன் திருப்பிப் போட்டுப் பெருக்க வேண்டும் என்று புரியவில்லை. கேட்கப் பயமாக". வாக்கியம் அத்துடன் நின்றிருந்தது. அந்தக் குழந்தை முதலில் எழுதியது உண்மை. தன்மதிப்பீட்டுத் தாளுக்கும் ஐந்து மதிப்பெண் உண்டு என்பது நடுவில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உண்மையை அழித்துவிட்டு, மதிப்பெண்ணுக்கு உகந்ததை எழுதிவிட்டார். பாடத்தில் எனக்கு மிகவும் தேவைப்பட்ட செய்தி, ஏன் திருப்பிப் போடுகிறோம் என்பதை நான் விளக்காமல் கடந்துவிட்டேன் என்ற செய்தி, அந்த ஐந்து மதிப்பெண்ணால் எனக்கு வந்து சேராமலே போயிருக்கும்.

அன்றிலிருந்து என் நிலைப்பாடு இதுதான்: மாணவரின் மனப்பான்மையையும் உணர்வையும் ஆசிரியர் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும், அதற்குத் தொகுப்பேட்டைப் போன்ற நல்ல இடம் வேறு இல்லை, ஆனால் அதற்கு ஒருபோதும் மதிப்பெண் இடக் கூடாது.

உணர்வுகளை மதிப்பீட்டுக்குள் கொண்டுவந்தவர்களே இந்தச் சிக்கலை அறிந்திருந்தார்கள். கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர், மாணவர் எதையெல்லாம் கற்க வேண்டும் என்று படிப்படியாக வகுத்துச் சொல்லும் கற்றல் நோக்கங்களின் வகைப்பாட்டில், சிந்தனை தொடர்பான அறிவுசார் களத்தை 1956-இல் வெளியிட்டார்கள். ஆர்வம், மனப்பான்மை போன்றவற்றைப் பேசும் உணர்வுசார் களத்துக்கான தொகுதி டேவிட் கிராத்வோல், புளூம், பெர்ட்ராம் மாசியா ஆகியோரின் உழைப்பில் 1964-இல்தான் வந்தது. கவனித்து ஏற்றல், துலங்கல் (அதற்குப் பதில்வினை காட்டுதல்), மதித்தல், ஒழுங்கமைத்தல், பண்பாகவே ஆகிவிடுதல் என்ற ஐந்து படிகளைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே நூலில், ஆர்வம், மனப்பான்மை, குணம் ஆகியவற்றுக்குத் தர மதிப்பு வழங்க ஆசிரியர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்ற விவாதமும் இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. எந்த விடைக்குப் பரிசு, எந்த விடைக்குத் தண்டனை என்பதை மாணவர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார் என்பதும், நம்பிக்கைகளும் விருப்பங்களும் ஒருவருடைய சொந்த விஷயம் என்ற எண்ணம் வலுவாக இருப்பதும், கற்பித்தல் எங்கே முடிந்து கருத்துத் திணிப்பு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியும் அங்கே பேசப்படுகின்றன. நாம் ஐந்து படிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தயக்கத்தை விட்டுவிட்டோம். அந்தப் படிகள் எனக்குப் பாடம் திட்டமிடப் பயன்படுகின்றன. கேட்கச் சொன்னதைக் கேட்பதிலிருந்து தானாகவே ஒரு கணக்கைத் தேடிப் போடும் நிலைக்கு மாணவரை நகர்த்த நான் என்ன செய்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ள உதவுகின்றன. "இந்தப் பிள்ளை இரண்டாம் படியில் இருக்கிறது" என்று நெற்றியில் ஒட்டுவதற்கு அவை உருவாக்கப்படவில்லை.

ஒன்று முதல் ஐந்து வரை என்ற அளவும் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. ரென்சிஸ் லைக்கர்ட் என்ற உளவியலாளர் 1932-இல் மனப்பான்மையை அளக்கும் முறையை விவரித்தபோது, ஒரே பொருளைப் பற்றிய பல கூற்றுகளைக் கொடுத்து, அவற்றோடு எவ்வளவு உடன்படுகிறார் என்று பதிலளிப்பவரையே சொல்லவைத்து, எல்லாவற்றையும் கூட்டித்தான் மதிப்பைப் பெற்றார். நம் படிவத்தில் கூற்றுகளும் இல்லை, பதிலளிப்பவரும் இல்லை. ஆசிரியர் ஒருவர் ஒரே கட்டத்தில் ஓர் எண்ணை எழுதுகிறார். ஐந்து என்ற எண்ணிக்கை மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

தொகுப்பேடு என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பல இடங்களில் அது அழகான அட்டை போட்ட சேமிப்புக் கோப்பாகவே இருக்கிறது. நல்ல படங்கள், பிழையில்லாத தாள்கள், சான்றிதழ்கள். 1991-இல் லியோன் பால்சன், பேர்ல் பால்சன், கரோல் மேயர் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று இதற்குத் தெளிவான இலக்கணம் தந்தது. எதைச் சேர்ப்பது என்பதில் மாணவருக்குப் பங்கு இருக்க வேண்டும், எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தோம் என்பது தெரிய வேண்டும், எது நல்ல வேலை என்பதற்கான அளவுகோல் இருக்க வேண்டும், மாணவர் தன் வேலையைத் தானே திரும்பிப் பார்த்ததற்கான சான்று இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல தாள்கள் மட்டுமே உள்ள கோப்பில் திரும்பிப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அடித்தல் திருத்தல்களோடு மூன்று வரைவுகளும் உள்ளே இருந்தால்தான் ஒரு குழந்தை எந்த இடத்தில் சலித்தது, எந்த இடத்தில் பிடிவாதமாக நின்றது என்பது கண்ணுக்குத் தெரியும். நான் இரண்டு மதிப்பெண் போட்ட அந்த மாணவனின் கோப்பில், ஒரே வடிவியல் கணக்குக்கு நான்கு தாள்கள் இருந்தன. முதல் மூன்றும் தவறு. மூன்றாவது தாளின் ஓரத்தில், "இந்தக் கோடு இருந்தால்தான் முடியும், ஆனால் யார் போடச் சொன்னது?" என்று கிறுக்கியிருந்தான். விடாமுயற்சி என்ற சொல்லை எந்தத் தாளிலும் அவன் எழுதவில்லை. எழுதச் சொல்லியிருந்தால் எல்லோரும் எழுதுவதையே எழுதியிருப்பான்.

"சரி, அப்படியானால் அந்தத் தாள்களைப் பார்த்தே விடாமுயற்சிக்கு மதிப்பெண் போடலாமே" என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வேலையை மதிப்பிடுவதிலேயே நாம் எவ்வளவு தடுமாறுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1990-களின் தொடக்கத்தில் நான்காம், எட்டாம் வகுப்பு மாணவர்களின் எழுத்துத் தொகுப்பேடுகளையும் கணிதத் தொகுப்பேடுகளையும் மாநிலம் முழுவதும் மதிப்பிட முயன்றார்கள். டேனியல் கோரெட்ஸ் தலைமையில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தினர் அதை ஆராய்ந்தபோது, ஒரே வேலைக்கு இரண்டு மதிப்பீட்டாளர்கள் தந்த மதிப்புகளுக்கு இடையே தொடக்கத்தில் ஒத்திசைவு மிகக் குறைவாகவே இருந்தது. அங்கே மதிப்பிடப்பட்டவை கட்டுரைகளும் கணக்குகளும். எழுதி வைத்த அளவுகோல்களும் இருந்தன. ஒரு குழந்தையின் நெஞ்சுக்குள் இருப்பதைப் பற்றி இரண்டு ஆசிரியர்கள் அதைவிட நன்றாக ஒத்துப்போவார்கள் என்று எதை வைத்து நம்புவது?

மனப்பான்மையை அளக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. பெரிய குழுவை, தனி மாணவருக்கு எந்த விளைவும் இல்லாமல் கேட்டால், மாணவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். பல நாட்டு மாணவர்களின் கற்றலை ஒப்பிடும் பிசா ஆய்வில், 2012-ஆம் ஆண்டு, ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) நாடுகளின் 15 வயது மாணவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர், கணக்குப் போடும்போது தாம் கையறு நிலையில் இருப்பதாக உணர்கிறோம் என்று பதிலளித்தார்கள். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் அட்டையில் இடம் இருந்திருந்தால், இத்தனை பேர் ஒப்புக்கொண்டிருப்பார்களா?

மதிப்பெண் இல்லாவிட்டால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்பது இன்னொரு வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தன்மதிப்பீட்டுத் தாளுக்கு மதிப்பெண் கிடையாது என்று நான் அறிவித்த முதல் பருவத்தில், சிலர் "நன்று" என்ற ஒரு சொல்லோடு தாளைத் திருப்பித் தந்தார்கள். மாற்றம் வந்தது இரண்டு காரணங்களால். "இந்தப் பாடம் உனக்குப் பிடித்ததா?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "எந்த வரியில் பேனா நின்றது? அப்போது என்ன செய்தாய்?" என்று கேட்கத் தொடங்கினேன். அடுத்து, எழுதப்பட்ட ஒவ்வொரு தாளுக்கும் நானும் இரண்டு வரி பதில் எழுதினேன். பாராட்டோ அறிவுரையோ எழுதவில்லை, பதில் மட்டும்தான். "அந்த இடத்தில் எனக்கும் படிக்கும் காலத்தில் குழப்பம் வந்தது, நாளை வேறு படம் வரைந்து பார்ப்போம்" என்பது போல. தான் எழுதியதை ஒருவர் வாசித்து, அதனால் மறுநாள் வகுப்பில் ஏதோ ஒன்று மாறுகிறது என்று கண்டுகொண்ட பிறகு, பிள்ளைகள் எழுதினார்கள். 42 பேருக்கும் ஒரே வாரத்தில் இதைச் செய்ய முடியாது; வாரத்துக்குப் பத்துப் பேர் என்று சுழற்சியில் வைத்துக்கொண்டேன். பருவத்துக்கு ஒருமுறை, தொகுப்பேட்டை நடுவில் விரித்துவைத்து ஒவ்வொருவரோடும் ஏழெட்டு நிமிடம் பேசுகிறேன். இந்த நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: 126 எண்களை எழுதும் மாலையிலிருந்து கொஞ்சம், மீதம் வீட்டுப்பாடத் திருத்தலைக் குறைத்து.

அப்படிப் பேசியபோதுதான் ரப்பரால் அழித்த அந்த மாணவி, எப்போது பயம் வருகிறது என்ற கேள்விக்கு, நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க பின்னாடி வந்து நிக்கும்போது, மிஸ்" என்றார். வகுப்பில் வரிசைகளுக்கு இடையே நடந்து, தோளுக்குப் பின்னாலிருந்து நோட்டைப் பார்ப்பது என் பல ஆண்டுப் பழக்கம். அதை நான் அக்கறை என்றே நினைத்திருந்தேன். இப்போது பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பார்க்கிறேன். 'நேர்மறை மனப்பான்மை: 3' என்ற பதிவு இதை எனக்குச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை.

ஒரு தவற்றையும் இங்கே எழுதியாக வேண்டும், ஏனென்றால் தொகுப்பேட்டை ஆதரிப்பவர்கள் இதைப் போதிய அளவு பேசுவதில்லை. பெற்றோர் சந்திப்பு ஒன்றில், ஒரு மாணவனின் கோப்பை மேசையில் விரித்துவைத்துவிட்டு வேறொருவரோடு பேசத் திரும்பினேன். அவன் எனக்காக மட்டும் எழுதிய ஒரு தாளை அவனுடைய தந்தை வாசித்துக்கொண்டிருந்தார். தேர்வு முடிவு வந்த நாளில் வீட்டில் நடந்தது பற்றிய நான்கு வரிகள் அவை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறு ஒரு வரிகூட எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கோப்புகள் இப்போது கணினிக்கும் இணையச் சேமிப்புக்கும் மாறி வருகின்றன; அங்கே ஒரு தாளை யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டுகள் இருக்கும், அடுத்த வகுப்பு ஆசிரியருக்கும் போகுமா என்பதை முடிவு செய்யாமல் "உன் உணர்வை எழுது" என்று பிள்ளைகளிடம் கேட்பது முறையாகாது.

அதன் பிறகு தொகுப்பேட்டை இரண்டாகப் பிரித்துவிட்டேன். வேலைகளும் வரைவுகளும் ஒரு பக்கம். அவை மதிப்பிடப்படும், பெற்றோரும் பார்க்கலாம். தன்மதிப்பீட்டுத் தாள்கள் பின்அட்டையில் ஒட்டிய உறைக்குள் இருக்கும். அந்த உறையில் எது தங்க வேண்டும், எதை வீட்டுக்கு எடுத்துச்செல்ல வேண்டும், எதைக் கிழித்துப் போட வேண்டும் என்பதைச் சந்திப்புக்கு முந்தைய நாள் பிள்ளைகளே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். சென்ற பருவத்தில் அதற்கு ஒரு முழுப் பாடவேளை பிடித்தது. சிலர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த மாணவி, தேய்ந்துபோன அந்தப் பின்னத் தாளை மட்டும் உறையிலிருந்து எடுத்து, அழித்த வரியை இந்த முறை பேனாவால் எழுதி, வாக்கியத்தை முடித்து, முன்பக்கத்தில் வரைவுகளோடு சேர்த்து வைத்தார்.