வெள்ளை அணு குறைந்தால் பார்வோ இல்லையா?

“தொற்று என்றால் வெள்ளை அணு ஏறும், குறைந்திருந்தால் நாய்க்குட்டிக்குப் பார்வோ இல்லை, மோர் கொடுத்தால் போதும்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறானது.

பார்வோ என்பது நாய்களுக்கு வரும் வைரஸ் நோய். வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களையே இந்த வைரஸ் தாக்குவதால், குடலின் உட்சுவரோடு வெள்ளை அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையும், நோய் எதிர்ப்பு உறுப்புகளான தைமஸும் நிணநீர்க் கணுக்களும் சிதைகின்றன. புதிய அணுக்களின் உற்பத்தி முடங்கும் அதே வேளையில், மிஞ்சிய நியூட்ரோஃபில்கள் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) புண்ணான குடலுக்குள் இறங்கித் தீர்ந்துபோகின்றன. ஆகவே ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சுமார் 6,000 முதல் 17,000 வரை இருக்க வேண்டிய வெள்ளை அணு எண்ணிக்கை 2,000-க்கும் கீழே சரியலாம். அந்தச் சரிவு பார்வோவைச் சந்தேகிக்கவே காரணம். (தொடக்கத்தில் எண்ணிக்கை இயல்பாக இருப்பதும் உண்டு.) இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் மெர்க் கால்நடை மருத்துவக் கையேட்டில் இதைச் சரிபார்க்கலாம்.

வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகத் துவண்ட குட்டிக்கு உடனடித் தேவை டிரிப்ஸ். கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள், அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.