மூக்கணாங்கயிறு போட்ட யாக் வனவிலங்கு இல்லை

யாரிடமாவது கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது, அதனால் எழுதுகிறேன். அரையாண்டு லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மணாலி போய் வந்தோம். கடலூரிலிருந்து கிளம்பிய குரூப் டூர். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இரண்டே விஷயம்: பனிமலை, வனவிலங்கு பார்வை. கூடவே ஒரு பனிச்சிறுத்தை படம், ஒரு மோனால் பறவை படம். அதைப் பார்த்துத்தான் ஆறாவது படிக்கும் என் மகள் நச்சரிக்க ஆரம்பித்தாள். அதற்காகத்தான் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துப் பணம் கட்டினோம். அங்கே போன பிறகு எங்களுக்குக் காட்டிய வனவிலங்கு எது தெரியுமா? மூக்கில் கயிறு போட்டு நிறுத்தி வைத்திருந்த யாக், அந்த மலைப்பக்கத்துச் சடைமாடு. ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்கத் தனிக் காசு.

டூர் மேனேஜரிடம் கேட்டேன். "யாக் மிருகம்தானே மேடம்? நம்ம ஊர்ல இருக்கா? பிள்ளைங்க ஏறி உட்காரட்டும், ஜாலியா இருக்கும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்ம ஊரில் இல்லாததெல்லாம் வனவிலங்கு ஆகிவிடுமா? நம் வீட்டு எருமை எப்படி வளர்ப்பு விலங்கோ அப்படித்தான் அந்த யாக்கும். காட்டு யாக் என்று தனியாக உண்டு, அது திபெத்தியப் பீடபூமியில் மனித வாடை படாத இடங்களில் வாழ்கிறது. எங்களுக்குக் காட்டியது, பாவம், காலையிலிருந்து ஒரே இடத்தில் நின்று, ஆள் மாற்றி ஆள் சுமந்து, கண்ணோரம் பீளை தள்ளி நின்ற ஜீவன். அதன் காலடியில் பனி மிதிபட்டுக் கறுப்புச் சேறாகிக் கிடந்தது. சேற்றுக்குள் நூடுல்ஸ் கப்புகள். என் பையன் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டான். "அதுக்கு மூக்கு வலிக்கும்மா" என்றான். இரண்டாவது படிக்கிற பிள்ளைக்குப் புரிந்தது.

அடுத்தது முயல். மணாலியில் உள்ளூர் உடை போட்ட அம்மாக்கள் அங்கோரா முயலை வைத்துக்கொண்டு நிற்பார்கள். குழந்தையைப் பார்த்ததும் கையில் கொடுத்துவிடுவார்கள், போட்டோ எடுத்தால் காசு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது அவர்கள் பிழைப்பு. அதையும் "அனிமல்ஸ் பார்த்தாச்சு" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ஒரு நாள் கணக்கை முடித்தாரே, அந்த டூர்காரர் மேல்தான் கோபம்.

நோட்டீஸில் ரோத்தங் கணவாயும் இருந்தது. 3,978 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் பனி மூடி அந்தப் பாதை அடைபட்டுவிடும். டிசம்பர் கடைசியில் சுற்றுலா வண்டி அங்கே போகாது என்பது வருஷா வருஷம் டூர் நடத்துகிறவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே அச்சடித்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக சோலங்கும், அடல் சுரங்கத்தைத் தாண்டி சிஸ்ஸுவும் என்றார்கள். சரி, அங்கேயும் பனி இருக்கிறது, அழகான இடங்கள்தான். ஆனால் கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை 3,000 மீட்டருக்கு மேல் கொண்டுபோகிறோமே, தலைவலி வரும், வாந்தி வரும், முதல் நாள் ஓடவிடாதீர்கள், தண்ணீர் குடிக்க வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? பையன் வண்டியில் வாந்தி எடுத்தபோது "சாப்பாடு ஒத்துக்கலை போல" என்றார்கள். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. கூடவே வந்த சமையல்காரர் அந்தக் குளிரில் சுடச்சுட இட்லி போட்டார், அவருக்கு மட்டும் ஒரு கும்பிடு.

கோட்டுக் கடை கூத்தையும் சொல்லிவிடுகிறேன். சோலங் போகிற வழியெல்லாம் நம்பர் போட்ட கடைகள், பனி உடையும் பூட்ஸும் வாடகைக்கு. டிரைவர் தன் நம்பர் கடையில்தான் நிறுத்துவார். பையன் அளவுக்கு உடை இல்லை. முந்தைய ஆள் கழற்றிப் போட்ட ஈரம் காயாத பூட்ஸைத் தலையில் கட்டினார்கள். அடுத்த கடைக்குப் போகிறோம் என்றால் முடியாதாம். அந்த ஒரு கடையில் போன நேரத்தை விடக் குறைந்த நேரம்தான் பனியில் நின்றோம்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது பியாஸ் ஆற்றங்கரையில் நடந்தது. டீ குடிக்க வண்டி நின்றது. மகள் பாறை ஓரமாகப் போய் நின்று என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். ஒரு கல்லின் மேல் மைனா அளவில், உடம்பு முழுக்க சாக்லேட் நிறத்தில் ஒரு பறவை. காலை மடக்கி மடக்கி எழுந்தது. திடீரென்று தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. பனி உருகி ஓடும் அந்த வேகத்தில், கை வைத்தால் விறைத்துப்போகிற அந்தத் தண்ணீரில், முழுசாக மூழ்கி, கொஞ்சம் தள்ளி இன்னொரு கல்லில் வாயில் புழுவோடு ஏறியது. பிரவுன் டிப்பர். ஆற்றடியில் கல்லைப் பற்றிக்கொண்டு நடந்தே இரை தேடும் பறவை. மகள் தம்பியின் தலையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாள். இருவரும் மூச்சுக்கூட விடவில்லை. பணம் கட்டி வந்ததற்கு அதுதான், அது மட்டும்தான், உண்மையான வனவிலங்கு பார்வை.

அதற்குள் வண்டியில் ஏறச் சொல்லி விசில். எங்கள் குழுவில் ஒருவர் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டைப் போட்டுக்கொண்டே வந்தார். இன்னொருவர், பறவை பறந்தால் வீடியோ நல்லா வரும் என்று கல்லை விட்டெறிந்தார். பெரிய மனிதர், பேரப்பிள்ளை எடுத்தவர்! பறவை தண்ணீரை ஒட்டிப் பறந்து வளைவில் மறைந்துவிட்டது. மகள் அழுதாள். மேனேஜர் வந்து "சின்னக் குருவிதானே பாப்பா, ஏறு, மால் ரோடுக்கு டைம் பத்தாது" என்றார். மால் ரோட்டில் சால்வைக் கடைக்கும் உலர்பழக் கடைக்கும் ஒரு மாலை முழுக்க நேரம் இருந்தது. அங்கே யாரும் விசில் ஊதவில்லை.

"சின்னப் பிள்ளைங்களுக்குப் பொறுமை இருக்காது மேடம், அதான் இப்படி பிளான் போடறோம்" என்பது அவர்கள் சொல்லும் சாக்கு. பச்சைப் பொய். நம் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வரும் காலத்தில், காப்பகத்தில் பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடும்போது என் பிள்ளைகள் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் குஞ்சு திசை மாறிப்போகும் என்று சொன்னதும் டார்ச்சை அணைத்துவிட்டு, மணலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் செல்போன் லைட்டை அடித்தது பெரியவர்கள்தான்.

பனிச்சிறுத்தையைக் காட்டவில்லை என்று நான் சண்டை போடவில்லை. 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்கவே 718தான். அதில் 477 லடாக்கில், ஹிமாசலத்தில் வெறும் 51. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் கடும் குளிர்காலத்தில் ஹிமாசலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் இருக்கும் கிப்பர் மாதிரி 4,000 மீட்டருக்கு மேலுள்ள கிராமங்களில் தங்கி, உள்ளூர் ஆட்களோடு நாள் கணக்கில் தொலைநோக்கியில் கண் வைத்துக் காத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பயணம் அல்ல அது. நேர்மையான ஆளாக இருந்தால் இதைச் சொல்லி, "சிறுத்தை கிடைக்காதும்மா, பறவை பார்க்கலாம்" என்றிருப்பார். அப்படிச் சொல்லியிருந்தாலும் நாங்கள் போயிருப்போம், இன்னும் சந்தோஷமாகப் போயிருப்போம்.

இன்னொன்றை நினைத்தால் வயிறு எரிகிறது. மணாலி போகும் வழியில் ஔட் என்று ஒரு ஊர். அங்கிருந்து ஒரு சாலை தீர்த்தன் பள்ளத்தாக்குக்குப் பிரிகிறது. அந்தப் பக்கம்தான் பெரிய இமாலயத் தேசியப் பூங்கா, 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். நோட்டீஸில் படம் போட்ட அதே மோனால் அங்கே இருக்கிறது. பூங்காவுக்குள் நடந்து போக முடியாவிட்டாலும், அதன் ஓரத்து ஊரில் ஒரு ராத்திரி தங்கி, காலையில் உள்ளூர் ஆள் ஒருவரோடு ஆற்றோரம் பிள்ளைகளை நடக்கவிட்டிருக்கலாம். எங்கள் வண்டி அந்தப் பிரிவைத் தாண்டும்போது படம் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரையைக்கூட இழுத்து மூடச் சொன்னார்கள், டிவி தெரியவில்லையாம்.

ஊருக்கு வந்து கேட்டதற்கு, அடுத்த டூருக்குத் தள்ளுபடி தருகிறேன் என்றார் டூர்காரர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காசு போனது போகட்டும். என் மகள் "வைல்ட்லைஃப்னா இவ்வளவுதானாம்மா?" என்று கேட்டாளே, அதற்கு அவர் என்ன தள்ளுபடி தருவார்?

கோடை விடுமுறைக்கு இப்போதே கடலூர் மஞ்சக்குப்பத்தில் நோட்டீஸ் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். புதுச்சேரியிலும் இதே கதைதான் என்று என் தங்கச்சி சொல்கிறாள். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் நேருக்கு நேர் கேளுங்கள். எந்த விலங்கு, எந்தப் பறவை? எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் நிற்போம்? கூட்டிப்போய்க் காட்டத் தெரிந்த உள்ளூர் ஆள் உண்டா? அந்த மாதத்தில் அந்தச் சாலை திறந்திருக்குமா? பிள்ளைக்கு உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் கீழே இறங்க வண்டி தருவீர்களா? பதிலை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். "அதெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம் சார்" என்றால், பணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.