ஜெனரலிடம் ரீகன் கேட்ட கேள்வி

அரசியல் திரில்லர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அவை வெறும் மிகை, நிஜ அரசாங்கத்தோடு அவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. 1983 ஜூனில் கேம்ப் டேவிட் ஓய்வில்லத்தில் அமெரிக்க அதிபர் ரீகன் ‘வார்கேம்ஸ்’ படத்தைப் பார்த்தார். பள்ளி மாணவன் ஒருவன் தன் அறையில் உட்கார்ந்தபடி, தன் கணினியைக் கொண்டு ஒவ்வொரு தொலைபேசி எண்ணாக அழைத்து, ராணுவக் கணினிக்குள் நுழைந்துவிடும் கதை. அடுத்த சில நாட்களிலேயே, படைத் தளபதிகள் குழுவின் தலைவர் ஜெனரல் வெஸ்ஸியிடம் இப்படி நடக்குமா என்று ரீகன் கேட்டார். விசாரித்து வந்தவர், நிலைமை நினைத்ததைவிட மோசம் என்றார்.

எனக்கு ஆற்றாமை தருவது இதுதான்: ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் கணினி நிபுணர் வில்லிஸ் வேர் இதே ஆபத்தை 1967லேயே எழுதி எச்சரித்திருந்தார். படத்தின் கதாசிரியர்கள் ஆலோசனை கேட்டதும் அவரிடம்தான்! நிபுணரின் அறிக்கையால் அசையாத மேலிடம் ஒரு படத்தால் அசைந்தது.

திரில்லர் காட்டாத பகுதி அதற்குப் பிறகு வருகிறது. 1984 செப்டம்பரில்தான் கணினிப் பாதுகாப்பு பற்றிய ரீகனின் உத்தரவு பிறந்தது. அது ரகசியமற்ற அரசுக் கணினிகளின் பாதுகாப்பிலும் தேசியப் பாதுகாப்பு முகமைக்கு இடம் கொடுத்தது. ஒட்டுக்கேட்பதே தொழிலான அமைப்புக்கு அங்கே என்ன வேலை என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் எதிர்ப்புக் கிளம்பியது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பொறுப்பைச் சிவில் அமைப்பான தேசியத் தர நிர்ணய அலுவலகத்திடம் ஒப்படைத்தது. கட்டுரையாளர் அந்த மூன்றாண்டு இழுபறியைப் பற்றியும் விரிவாக எழுத வேண்டும்.